பவுடர் டப்பா வாட்ச்

அம்பத்தூரில் எனக்குப் பின்போர்ஷனை வாடகைக்குக் கொடுத்த ஹவுஸ் ஓனர் முதல் நாள் என் சம்பளம் என்ன என்று கேட்கவில்லை. என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை. கல்யாணம் ஆகாத பையன், கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு கூத்தடிப்பாயா என்றுகூடக் கேட்கவில்லை. என் இடது கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய் வெயிலில் நிறுத்தினார். மணிக்கட்டை இப்படியும் அப்படியும் சாய்த்து, வாட்சில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார்.

“கை வெச்சிட்டானுங்க சார்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அது என் மாமா கொடுத்த வாட்ச். வேலைக்குப் போகிறாய், கையில் ஒரு நல்ல வாட்ச் இருக்கட்டும் என்று பழைய ஃபாரின் வாட்ச் ஒன்றை எங்கேயோ தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்திருந்தார். பளபளவென்று இருக்கும். ஊரிலிருந்து கிளம்பும்போது பஸ்ஸில் அதை நாலு பேர் பார்க்கிற மாதிரிதான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

“மூஞ்சிய சொரண்டிட்டு புது பெயிண்ட் அட்ச்சிருக்கான். ஓரமெல்லாம் பாலீஷ் போட்டு சோப்புக் கட்டி மாதிரி வழிச்சிட்டான். டைம் காட்டும். ஆனா வெல நாஸ்தி.”

இப்படித்தான் அறிமுகம். எனக்கு வந்த கோபத்தில் வேறு வீடு பார்த்திருப்பேன். நான் வேலைக்குச் சேர்ந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் வேறு போர்ஷன் கிடைக்கவில்லை. அதனால் பொறுத்துக்கொண்டேன். சுவரெல்லாம் சுண்ணாம்பு உதிர்ந்து, ஒரு மூலையில் மழைத் தண்ணீர் இறங்கிய கறை இலங்கை வரைபடம் போல் இருந்தது. ஒரு கோட் சுண்ணாம்பு அடித்துக் கொடுங்கள் சார் என்றேன்.

“நல்லாத்தானே கீது? எதுக்கு கை வெச்சிக்கினு?”

அடுத்த ஐந்தாறு வருஷம் நான் அந்தக் கறையைப் பார்த்தபடிதான் தூங்கி எழுந்தேன்.

அவர் வாட்ச் ரிப்பேர்காரர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் இருந்தார். மற்றவர்கள் செய்து அனுப்புகிற சாமானில் குறை கண்டுபிடித்துத் தள்ளி வைப்பதுதான் வேலை. அந்த வேலைக்காகவே பிறந்தவர் என்று கம்பெனியில் சொல்வார்கள். பாராட்டாகச் சொன்னதாக எனக்குத் தோன்றியதில்லை. வாட்ச் பித்து எங்கிருந்து பிடித்தது என்று தெரியாது. நான் போகும்போதே முற்றிப்போயிருந்தது. வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால், ஆவடி, திருமுல்லைவாயில் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் சைக்கிளில் வருவார்கள். பழைய வாட்ச் வாங்கினவன், வாங்கப்போகிறவன், தாத்தா பெட்டியில் கண்டெடுத்தவன். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க மாட்டார். டியூப்லைட் எல்லாரையும் அழகாகக் காட்டும் என்பார். அவருக்குச் சூரியன் வேண்டும். மழைக்காலத்தில் தீர்ப்பு கிடையாது, போய்விட்டு அப்புறம் வரவேண்டும்.

தீர்ப்பு இரண்டே விதம். ஒன்று “ஒரிஜினல்”. இன்னொன்று “கை வெச்சிட்டான்”. முதலாவதை நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். இரண்டாவதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி சங்கடம் இருக்காது. எதிரில் நிற்கிறவன் முகம் சுருங்கிப்போவதைக் கவனிக்கவும் மாட்டார். வாட்சைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை பூந்தமல்லியிலிருந்து ஒரு புது மாப்பிள்ளை வந்தான். மாமனார் போட்ட வாட்ச். கூடவே மச்சானும் வந்திருந்தான். மச்சானுக்குத் தன் அப்பாவின் பெருமையை ஊர்ஜிதம் செய்துகொள்ள ஆசை போலிருக்கிறது. ஹவுஸ் ஓனர் வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

“முள்ளு தாத்தா. மூஞ்சி பேரன். ரெண்டும் ஒரே ஊட்டுலதான் கீது, ஆனா ஒரே நாள்ல பொறக்கல.”

“இன்னா சொல்ற பெர்சு?” என்றான் மச்சான்.

“முள்ளு துரு புடிச்சி மஞ்சளா கீது பாரு. அதுக்குக் கீழ கீற தட்டு மட்டும் எப்பிடி இன்னிக்குக் காலைல குளிச்ச மாதிரி கீது? எவனோ பழைய தட்ட சொரண்டிட்டு பெயிண்ட் அட்ச்சிருக்கான். அதுவும் கோணலா.”

மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தான். மச்சான் ஹவுஸ் ஓனரின் சட்டையைப் பிடித்துவிட்டான். நானும் வீட்டுக்காரம்மாவும் நடுவில் புகுந்து பிரித்தோம். வீட்டுக்காரம்மா இரண்டு பேருக்கும் காபி கொடுத்து, அந்த வாட்ச் மாப்பிள்ளை கைக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அனுப்பிவைத்தார். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினார்.

“வாய மூட்க்கினு இருந்தா இன்னா கொறஞ்சிடும் உனுக்கு? கல்யாண ஊட்டுல கலகம் பண்ணிக்கினு!”

“அவன்தானே கேட்டான்?” என்றார் இவர், நிஜமாகவே புரியாமல்.

எனக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. பழசானால் ரிப்பேரே பண்ணக் கூடாதா சார் என்று கேட்டுவிட்டேன். மனதில் என் சுவர்தான் இருந்தது.

“நான் எங்க வேணான்னேன்? உள்ள எண்ண போடு. ஸ்பிரிங்கு ஒடஞ்சா மாத்து. கண்ணாடி போச்சா, வேற போடு. வாட்சு ஆஸ்பத்திரிக்குப் போவலாம் சார். பியூட்டி பார்லருக்குத்தான் போவக் கூடாது.”

“அழகா இருந்தா விலை கூடத்தானே செய்யும்?”

“அழகா பண்ணாலே பாதி வெல போச்சு. இவனுங்க பண்றதுக்கு முழுசா போச்சு. கற கற-ன்னு சொல்றானுங்களே, அது கறையா? அந்த வாட்சு பாத்த வெயிலு சார் அது. அத்த தொடச்சிட்டு நீ இன்னாத்த விக்கப்போற?”

இந்தக் கொள்கை வாட்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தலைமுடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்த சக தொழிலாளியை, கேன்டீனில் எல்லார் முன்னாலும், யாரு கை வெச்சது என்று கேட்டிருக்கிறார். குடும்பத்தோடு ஸ்டூடியோவில் எடுத்த படத்தில், அவர் புருவத்துக்கு மேல் இருக்கும் தழும்பை ஸ்டூடியோக்காரர் பிரஷால் மறைத்துவிட்டார் என்பதற்காகத் திரும்பிப் போய்ச் சண்டை போட்டு, மூன்று பேரையும் மறுபடி உட்காரவைத்து வேறு படம் எடுத்துக்கொண்டு வந்தார். தழும்போடு இருக்கும் அந்தப் படம்தான் ஹாலில் மாட்டியிருந்தது. அதில் அவர் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருப்பார். மனைவியும் மகளும் கோபமாக இருப்பார்கள்.

அவரிடம் சொந்தமாக ஒரே ஒரு வாட்ச் இருந்தது. அவருடைய அப்பா ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி வீட்டில் சமையல் செய்தவராம். அதிகாரி கப்பலேறும்போது கையிலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. கறுப்பாக இருந்த முகம் வெயில்பட்டு வெயில்பட்டு டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. பின்பக்கம் ராணுவ எண் செதுக்கியிருக்கும். பஞ்சில் சுற்றி, பழைய பவுடர் டப்பாவில் போட்டு, பீரோவில் வைத்திருப்பார். எப்போதாவது எடுத்து, சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார். கையில் கட்டி நான் பார்த்ததே இல்லை. வேர்வை படும், எங்கேயாவது இடிக்கும் என்பார். ஊரார் வாட்சையெல்லாம் பார்க்கிற மனிதர், வெறுங்கையோடு சங்குச் சத்தம் கேட்டு வேலைக்குப் போனார்.

“எங்க நைனாவுக்கு அதான் மூத்த புள்ள” என்பாள் மகள். ஒரே பெண். எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அப்பாவைப் போல வெடுக்கென்று பேசுவாள், ஆனால் பேசிவிட்டு வருத்தப்படுவாள். சின்ன வயதில் அந்த டப்பாவைத் தொட்டதற்கு வாங்கிய அடியைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். முழுக்கச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

பட்டணத்திலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வருவார். பழைய வாட்ச் சேகரிக்கிறவர், வசதியானவர். அந்த வாட்சைக் கேட்டு வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தார். பெரிய விலை சொல்வார். ஹவுஸ் ஓனரின் பதில் மாறாது: “என் பொண்ணு கல்யாணத்துக்கு எடுப்பேன் சார். அன்னிக்கு நானே உங்க ஊட்டுக்குக் கொண்டாந்து தரேன்.” இது எனக்குத் தெரியும், வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியும். மகளுக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் எனக்காக விற்க வேண்டாம் என்று அழிச்சாட்டியம் பண்ணுவாள் என்று அம்மா நினைத்தார். அந்த வருஷம் குத்தம்பாக்கத்துப் பக்கம் ஒரு பையன் வீட்டில் பேச்சு கிட்டத்தட்ட முடிந்திருந்தது. அவர் ரிட்டயர் ஆனதும் தேதி வைப்பதாக ஏற்பாடு.

ரிட்டயர் ஆன நாள் நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் எஸ்டேட் வழக்கப்படி, மாலை போட்டு, கம்பெனி வேனில் ஏற்றி, கூட வேலை செய்தவர்கள் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். பத்துப் பதினைந்து பேர் ஹாலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மிக்சர், ஜாங்கிரி, காபி. வீட்டுக்காரம்மா பட்டுப்புடவையில் ஓடிக்கொண்டிருந்தார். ஹவுஸ் ஓனர் கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெயில் இன்னும் வாசலில் இருந்தது.

மகள் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு டப்பாவோடு வந்தாள்.

“நைனா, மொத மாசம் சம்பளம் வாங்கனப்ப உனுக்கு ஒண்ணும் வாங்கித் தரல இல்ல? அந்தத் துட்ட எடுத்து வெச்சிருந்தேன். இந்தா.”

திறந்தார். உள்ளே ஒரு நீல நிற வாட்ச் மின்னியது. புது வார். தங்க நிற எண்கள். எல்லாரும் எட்டிப்பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். அவருக்கு அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று. எனக்கும்தான்.

“உன் வாட்சுதான் நைனா! உனுக்குத் தெரியாம எடுத்துக்கினு போயி, பட்டணத்துல ஒரு கடையில குட்த்து மூஞ்சி மாத்தி, பாலீஷ் போட்டு எடுத்தாந்தேன். அந்தக் கடக்காரரு புதுசே தோத்துடும்னாரு. நீ திட்னாலும் பரவால்ல, இனிமே டப்பாவுல வெக்காத. இன்னியிலேருந்து நீ கட்டிக்கணும்.”

நான் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். கையில் காபித் தட்டோடு சுவரில் சாய்ந்துவிட்டார்.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். அந்த மனிதருக்கு வேறு என்ன தெரியும்? மாலையோடு வெயிலில் நின்று சாய்த்துப் பார்த்தார். கூட்டம் பின்னாலேயே போயிற்று. நானும் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தேன். இத்தனை வருஷம் அவரோடு இருந்ததில் எனக்கே தெரிந்தது. எண்கள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. நொடி முள்ளின் சின்ன வட்டம் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தது. திருப்பினார். ராணுவ எண் இருந்த இடத்தை வழவழவென்று தேய்த்துவிட்டிருந்தார்கள்.

மகள் பக்கத்தில் போய் நின்றாள். ஊராருக்கெல்லாம் சொல்கிறாயே, எனக்குச் சொல் என்கிற மாதிரி முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

பொய் சொல்லேன் சார், ஒரே ஒரு பொய், என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

“கை வெச்சிட்டான்” என்றார்.

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அதற்குள் வீட்டுக்காரம்மா அடக்க முடியாமல் உடைந்துவிட்டார். “அடிப்பாவி, அத்த நம்பித்தானேடி உன் கல்யாணமே! ஸ்கூட்டர்காரருக்கு இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இத்த காட்றது?”

மகளுக்கு விஷயம் விளங்க அதற்கு மேல் தேவைப்படவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“வெல கொறஞ்சி போச்சா நைனா?”

“கொறஞ்சிதான் போச்சு.”

“எவ்ளோ?”

அவர் வாட்சிலிருந்து கண்ணை எடுத்தார். வாட்ச் கையில் இருக்கும்போது அவர் எதிரில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. இடது கையை நீட்டினார்.

“நான் கையில கட்டிக்கிற அளவுக்குக் கொறஞ்சிருக்கு. கட்டிவுடு.”

அவள் எவ்வளவு அழுத்தியும் புது வாரின் துளையில் கொக்கி மாட்டவே இல்லை. அவரும் பழக்கமில்லாதவர், கையை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒருவழியாகக் கட்டி முடித்தாள். மிக்சர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

ஸ்கூட்டர்காரர் அடுத்த மாதம் வந்தார். ஹவுஸ் ஓனர் மணிக்கட்டில் அதைப் பார்த்ததும் ஐயோ என்றே சொல்லிவிட்டார்.

“யார் சார் இந்தக் காரியம் பண்ணது? வாட்சைக் கொன்னுட்டாங்களே!”

“கொன்னுட்டா ஓடுமா? இந்தா, காதுல வெச்சிப் பாரு.”

“உள்ளே இருக்கிற மெஷினுக்காக வேணா ஏதாவது தரேன் சார்.”

“அது உள்ளயே இருக்கட்டும் சார். காபி சாப்ட்டுப் போ.”

அந்த வருஷம் கல்யாணம் நடக்கவில்லை. பையன் வீட்டார் நல்லவர்கள், காத்திருக்கிறோம் என்றார்கள். அவள் மேலும் ஒன்றரை வருஷம் தையல் மெஷினை மிதித்தாள். அப்பா வாட்சைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவளுக்கு அதில் நிம்மதி இல்லை. ஒருநாள் தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம் சொன்னாள்:

“என் மனசு நோவக் கூடாதுன்னு கட்டிக்கிறாரு சார். நான் வேலைக்குப் போனதும் கழட்டி டப்பாவுல வெச்சிடுவாரு. பார்க்கவே புடிக்காது அவருக்கு. அவர் வாயால சொன்னாரே, கை வெச்சிட்டான்னு.”

“அம்மாகிட்டக் கேட்டுப் பாரேன்.”

“அம்மா எனக்காகப் பொய் சொல்லும். நைனாகிட்ட கேக்க பயமா கீது. அவரு பொய் சொல்ல மாட்டாரே.”

நானும் பகலில் வேலைக்குப் போகிறவன். எனக்கு எப்படித் தெரியும்? குடத்தை நகர்த்தி வைத்தேன்.

பிறகு கல்யாணம் நடந்தது. பேசியதைவிடக் கொஞ்சம் குறைவான நகையோடு, சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில், பிரியாணி போட்டு. கல்யாணத்துக்காக வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடச் சம்மதித்தார். முன்பக்கம் மட்டும். என் இலங்கை வரைபடம் அப்படியே இருந்தது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு மகள் முதல் தடவையாகப் புருஷனோடு வந்திருந்தாள். கேக் கொடுக்கிறேன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காலை பத்து மணி வெயில். அவர் கிணற்றடியில் குளித்துவிட்டு, வேட்டியைக் கட்டிக்கொண்டு, துண்டால் தலை துவட்டியபடி வந்தார். வாட்ச் ஜன்னல் மேடையில் கிடந்தது. நீல முகம் அதற்குள் லேசாக வெளுத்து, ஒரு எண் உதிர்ந்துபோயிருந்தது.

வாட்ச் கழற்றிக் கிடப்பதைப் பார்த்ததும் மகள் முகம் மாறியது. நான் நினைத்தேனே என்கிற மாதிரி. அப்புறம் அவள் பார்வை துண்டைப் பிடித்திருந்த அவர் கைக்குப் போனது. கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவர் இடது கையைப் பிடித்து, வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“இன்னாம்மா? ஈரத்தோட கீறேன், உடு.”

அவள் விடவில்லை. மணிக்கட்டை வெயிலில் இப்படியும் அப்படியும் சாய்த்து, மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தாள். வெயிலில் கறுத்த அந்தக் கையில், வார் சுற்றுகிற இடத்தில் மட்டும் ஒரு வெளுத்த பட்டை ஓடியது. பட்டையின் நடுவில் காசு அகலத்துக்கு வட்டமாக ஒரு வெள்ளை. ஓரமெல்லாம் துல்லியமாக இருந்தது. மகள் வீட்டில் இருக்கும்போது மட்டும் கட்டிக் கழற்றுகிற கையில் அப்படி விழாது. வெயிலில் மார்க்கெட்டுக்குப் போகிறபோதும், மாடியில் வடாம் காவல் காக்கிறபோதும், அவள் பார்க்காத அத்தனை பகலிலும் கட்டியிருந்தால்தான் விழும்.

கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

“ஒரிஜினல், நைனா” என்றாள்.

அவர் துண்டோடு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அவள் ஜன்னல் மேடையிலிருந்து வாட்சை எடுத்து வந்து, அந்தப் பட்டையின் மேலேயே சரியாகப் பொருத்திக் கட்டிவிட்டாள். இந்தத் தடவை கொக்கி உடனே மாட்டிக்கொண்டது.